ஒற்றைத் தும்மல்

சித்தப்பா தன் மூக்கை இரண்டு விரல்களால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். புது வேட்டி, புதுச் சட்டை. தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. எதிர் மேட்டில் குமாரின் ஷேர் ஆட்டோ முக்கி முனகி ஏறி வந்துகொண்டிருந்தது. உள்ளே மாப்பிள்ளை வீட்டார்.

"மூக்கை விடுங்க சித்தப்பா. மூச்சு முட்டிடப் போவுது."

"மூச்சு போனா போவட்டும்மா. தும்மல் வந்தா மானம் போய்டும்" என்றார் அடைத்த குரலில்.

ஆட்டுக்குட்டிக்கு டிக்கெட் கேட்ட கண்டக்டரோடு இவர் போட்ட சண்டையைப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். யாரோ அதை இவருக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். இனிமேல் தன்னைப் பற்றி எழுதக் கூடாது என்று சொல்லியனுப்பினார். இந்த வாரமும் அவர்தான். நான் என்ன செய்யட்டும்? அப்பா இல்லாத வீட்டில் எல்லாவற்றையும் முன்னின்று நடத்தியவர், அதாவது கெடுத்தவர், அவர்தான்.

அன்று என் தங்கை செல்விக்குத் தட்டு மாற்றுவதாக ஏற்பாடு. ஜவ்வாது மலையில் எங்கள் பக்கத்து ஊர்களில் அதற்குச் சகுனம் பார்ப்பார்கள். வாசப்படி தாண்டும்போதோ, தாம்பூலத் தட்டைக் கையில் எடுக்கும்போதோ யாராவது ஒற்றைத் தும்மல் தும்மினால் அன்றைய பேச்சு அதோடு நின்றுவிடும். இரட்டைத் தும்மல் என்றால் நல்ல சகுனம். ஒருமுறை தடைபட்டால் வேறு நாள் பார்க்கலாம். மறுமுறையும் தடைபட்டால் அந்தச் சம்பந்தத்தையே விட்டுவிட வேண்டும்.

இதையெல்லாம் யார் விதித்தது என்று கேட்டால் சாமி என்பார்கள். சாமிக்கு ஒருநாளும் சளி பிடித்ததில்லை போலிருக்கிறது.

எங்கள் கணக்கில் ஒரு தடை ஏற்கெனவே விழுந்துவிட்டது. அதற்குக் காரணமும் இதே சித்தப்பாவின் இதே மூக்குதான். அதனால்தான் இந்தப் பிடி.

மடித்த வெற்றிலை

எங்கள் வீட்டுக்குள் சளி எப்படி வந்தது என்று சொல்லாமல் மேலே போக முடியாது.

அம்மாவைக் கேட்டால் கொய்யாப்பழம் என்பாள். சித்தப்பாவைக் கேட்டால் தைப் பனி. பக்கத்து வீட்டில் கேட்டால், தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு நின்றது. கொய்யாவுக்கும் பனிக்கும் வாய் இருந்தால் என்றைக்கோ போலீசில் புகார் கொடுத்திருக்கும்.

நான் கிராம செவிலியர். இந்த மலையில் ஏறி இறங்கி, சளி என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு வைரஸ், அது ஆளிடமிருந்து ஆளுக்குத்தான் வரும் என்று தொண்டை வறளச் சொல்லி வருகிறேன். மூக்கைத் துடைத்த கை ஒன்று கிடைத்தால் போதும், அது ஊரைச் சுற்றி வந்துவிடும். குளிர்காலத்தில் அதிகம் பரவுகிறதே என்பார்கள். பரவாதா பின்னே? கதவு ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு, வீடு மொத்தமும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் வாங்கிக்கொண்டிருக்கிறோம். பழி மட்டும் பனிக்கு.

எங்கள் வீட்டுக்கு அதைக் கொண்டுவந்த கை எது என்பதை நான் கண்ணால் பார்த்தேன். அது மாப்பிள்ளை குமாரின் அப்பா பெரியசாமியின் வலது கை.

முதன்முதலாக வாய்ப்பேச்சுக்கு வந்தபோதே அவருக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. தோளில் ஒரு வெள்ளைத் துண்டு. அதில் முகம் துடைப்பார், மூக்கு துடைப்பார், உட்காரும் இடத்தைத் தட்டுவார். துண்டு கைக்கு எட்டாத நேரத்தில் புறங்கை.

எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் தன் கையாலேயே வெற்றிலை மடித்து, பெண் வீட்டார் ஒவ்வொருவருக்கும் கொடுக்க வேண்டும். வாங்கியவர் அங்கேயே வாயில் போட வேண்டும். போடாவிட்டால் அவமரியாதை. கல்யாணமாகாத பெண்ணுக்கு மட்டும் கொடுப்பதில்லை.

பெரியசாமி மூக்கை இழுத்தார். புறங்கையால் துடைத்தார். வெற்றிலை மடித்தார். சித்தப்பா வாங்கி மென்றார். மறுபடி இழுத்தார், துடைத்தார், மடித்தார். அம்மா வாங்கி மென்றாள். என் முறை வந்தபோது வாயருகே கொண்டுபோய், மெல்லுவதுபோல் தாடையை அசைத்து, முந்தானையில் முடிந்துகொண்டேன். மரியாதையும் கெடவில்லை, மூக்கும் கெடவில்லை.

பக்கத்தில் காவலூரில் பெரிய பெரிய தொலைநோக்கிகளை வைத்துக்கொண்டு எத்தனையோ கோடி மைல் தூரத்தில் இருக்கும் நட்சத்திரத்தைப் பார்க்கிறார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவரின் புறங்கை எங்கே போய்விட்டு எங்கே வருகிறது என்று பார்க்க எங்கள் வீட்டில் ஆளில்லை.

ஓரிரு நாளில் சித்தப்பா தும்ம ஆரம்பித்தார். அடுத்து அம்மா. தட்டு மாற்றக் குறித்த நாளும் வந்தது. பெரியசாமி அதற்குள் தேறி, பளிச்சென்று வந்து உட்கார்ந்தார். தட்டில் கை வைத்த நொடியில் சித்தப்பா தும்மினார். ஒன்றே ஒன்று. ஓட்டுக்கூரையில் இருந்த புறா பறந்து போனது.

பெரியசாமி எழுந்து துண்டை உதறினார். "சாமி வேணான்னு சொல்லுதுங்க. இன்னா பண்றது" என்றார்.

அந்தத் தும்மலைத் தன் கையால் மடித்துக் கொடுத்தவரே அவர்தான். என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சம்பந்தி வீட்டாரிடம் சொல்ல முடியுமா?

ஒரு செட்டு

செல்வி அழவில்லை. பின்பக்கம் போய், குவித்திருந்த புளியம்பழங்களைக் கட்டையால் தட்டத் தொடங்கினாள். தட்டியதில் ஓடு மட்டுமல்ல, கொட்டையும் உடைந்தது.

அவள் கீழே சாமை அரிசி ஆலைக்கு வேலைக்குப் போகிறாள். தினமும் குமாரின் ஆட்டோவில்தான் போவாள். இருவரும் பேசி முடித்து ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. பெரியவர்களுக்குத்தான் பேச்சு அப்போது ஆரம்பம்.

இது கலைந்தால் சித்தப்பா கையில் வேறொரு மாப்பிள்ளை தயாராக இருந்தார். செங்கம் சந்தையில் மாட்டுத் தரகு செய்யும் தூரத்து உறவு. வீட்டுக்கு வந்தபோது செல்வியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு "பல்லு நல்லாக்கீது" என்று சொன்ன மனிதர். மறுமுறையும் ஒரு ஒற்றைத் தும்மல் விழுந்தால் என் தங்கை அவருக்குத்தான்.

ஆகவே தும்மலை ஒழிக்க வீடே களத்தில் இறங்கியது.

சித்தப்பா ஆலங்காயம் போனார். ஒரு மருந்துக் கடையில் "சளிக்கு ஒரு செட்டு குடுப்பா" என்றார். செட்டு தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். டாக்டர் சீட்டு கிடையாது. என்ன மாத்திரை என்ற பெயர் கிடையாது. ரோஸில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, வெள்ளையில் பாதி, மிளகு அளவில் ஒன்று எல்லாவற்றையும் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். அதில் பெரும்பாலும் ஒரு ஆன்டிபயாடிக் இருக்கும். அது பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து. சளியோ வைரஸ். காட்டுப்பன்றி நுழைந்த தோட்டத்தில் எலிப்பொறி வைக்கிற வேலைதான்.

அதையாவது முழுசாகச் சாப்பிடுவாரா என்றால் அதுவும் இல்லை. ஒருவேளை சாப்பிட்டுவிட்டு மீதியை முகக்கவசத்தில் முடிந்து உத்தரத்தில் செருகி வைத்தார். கொரோனா காலத்தில் நான் வீடு வீடாகக் கொடுத்த முகக்கவசம் அது. அப்போது தாடையில் மாட்டியிருந்தார். பிறகு அதில் பூசணி விதை கட்டி வைத்திருந்தார். இப்போது மாத்திரை. மூக்கைத் தவிர எல்லாவற்றுக்கும் அது பயன்பட்டிருக்கிறது.

"இது வேணாம் சித்தப்பா. வெந்நீர் குடிங்க, உப்புத் தண்ணில கொப்பளிங்க, நல்லாத் தூங்குங்க. ஒரு வாரத்துல அதுவே போய்டும்" என்றேன்.

"அதுவே போறதுக்கு நீ இன்னாத்துக்கு நர்சு வேலை பாக்குற?" என்றார்.

எங்கள் துணை சுகாதார நிலையத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இதே சந்தேகம்தான். ஊசி போடாமல் அனுப்பினால் முகம் தொங்கிப்போகும். குழந்தை பால் குடிக்காமல் மூச்சு வாங்கினாலோ, காய்ச்சல் நாலைந்து நாளாகியும் இறங்காவிட்டாலோ உடனே தூக்கிக்கொண்டு ஓடி வா என்று சொன்னால், அதற்கு மட்டும் சாவகாசமாக வருவார்கள். சாதாரண மூக்கொழுகலுக்கு விடியற்காலையில் வரிசை.

அம்மா தன் பங்குக்கு நொச்சி இலையைக் கொதிக்க வைத்து, போர்வைக்குள் புகுந்து ஆவி பிடித்தாள். அதில் கொஞ்சம் இதம் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். வைரஸ் சாகாது. அம்மாவின் கோபமும் குறையாது. போர்வைக்குள்ளிருந்தே கொய்யா மரத்தை வெட்டச் சொல்லி உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம்தான் வாணியம்பாடியிலிருந்து புளி வாங்குகிற பாய் வந்தார். வேலிக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்.

"வூட்ல எல்லாருக்கும் ஜுக்காம் போலக்கீதே. நான் இங்கியே நிக்கிறேன், தப்பா நெனைக்காதீங்க" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "புளி மேல யாரும் தும்மலியே?" என்று கேட்டார்.

சித்தப்பாவுக்கு அது பெரிய அவமானமாகிவிட்டது. எனக்கோ அவரைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பேச வைக்கலாமா என்றிருந்தது.

கலெக்டரம்மா

என்னிடம் வந்து, ஒழுங்காகக் கேட்டது ஒரே ஒரு ஆள்.

"எனக்கும் புடிச்சிக்காம இருக்கணும்னா இன்னா பண்ணணும்க்கா?" என்றாள் செல்வி. "தட்டு மாத்துறப்ப நான் தும்மிட்டா அவ்ளோதான். நீ சொல்றதை அப்படியே செய்றேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் சொல்வதை அப்படியே செய்கிறேன் என்று இந்த மலையில் அதுவரை யாரும் சொன்னதில்லை.

தனி டம்ளர், தனித் துண்டு வைத்துக்கொள். வெளியிலிருந்து வந்தால் சோப்புப் போட்டு நன்றாகக் கை கழுவு. கழுவாத கையை மூக்கிலும் கண்ணிலும் வைக்காதே. ஜன்னலைத் திறந்து வைத்து அந்தப் பக்கம் படு. தும்முகிறவர்களிடமிருந்து தள்ளி நில். உனக்கே தும்மல் வந்தால் உள்ளங்கையில் தும்மாதே, முழங்கையை மடித்து அதற்குள் தும்மு. இவ்வளவுதான் சொன்னேன். இதெல்லாம் செய்தாலும் பிடிக்கவே பிடிக்காது என்று சத்தியம் செய்ய முடியாது, வாய்ப்பு குறையும் என்றும் சொன்னேன்.

அவள் செய்தாள். வீட்டில் அவளுக்குக் கலெக்டரம்மா என்று பெயர் வைத்தார்கள். தன் டம்ளரைத் தனியே கவிழ்த்து வைத்தால், "கலெக்டரம்மா டம்ளரை யாரும் தொடாதீங்க" என்பார் சித்தப்பா. ஜன்னலைத் திறந்தால் அம்மா மூடுவாள். அம்மா தூங்கியதும் இவள் திறப்பாள். கை கழுவிக் கழுவிச் சோப்பு கரைந்துவிட்டது என்று ஒரு தனிப் பஞ்சாயத்து.

வீடு மொத்தமும் இருமிக்கொண்டும் இழுத்துக்கொண்டும் கிடந்தபோது, என் தங்கை மட்டும் கழுவி வைத்த பாத்திரம்போல் இருந்தாள். மூக்கில் ஒரு சொட்டு ஈரமில்லை.

விரலி மஞ்சள்

இப்போது வாசலுக்கு வருவோம். ஆட்டோ நின்றது. மாப்பிள்ளை வீட்டார் இறங்கினார்கள். பெரியசாமி வாசப்படியருகே நின்று, காதைத் தீட்டிக்கொண்டு, வலது காலை உள்ளே வைத்தார். சித்தப்பா மூக்கை விடவில்லை. தும்மல் இல்லை. பாதி கிணறு தாண்டியாகிவிட்டது.

ஊர்க்கவுண்டர் நடுவில் உட்கார்ந்தார். எங்கள் ஊரில் எந்த நல்லது கெட்டதும் அவர் முன்னால்தான். அதிகம் பேசமாட்டார். குமார் உள்ளே வரத் தைரியமில்லாமல் ஆட்டோ சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றான். செல்வி உள்ளறைக் கதவோரம்.

காலையில் நான் சித்தப்பாவுக்குத் தும்மலைக் குறைக்கிற சின்ன மாத்திரை ஒன்று கொடுத்திருந்தேன். கொஞ்சம் தூக்கம் வரும், மற்றபடி பயமில்லை. வாங்கிக்கொண்டார். விழுங்கினார் என்று நினைத்தேன். அது பத்திரமாக உத்தரத்து முகக்கவசத்துக்குள் போய்ச் சேர்ந்திருந்தது பிறகுதான் தெரிந்தது. "சும்மா குடுக்குற மாத்திரை எப்பிடிமா வேலை செய்யும்?" என்பது அவர் கட்சி. சர்க்கார் மாத்திரைக்கு அவ்வளவுதான் மரியாதை.

தனக்கென்று அவர் வேறு வைத்தியம் வைத்திருந்தார். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ எல்லாம் அடுக்குகிற நேரத்தில் மெல்ல எழுந்து அடுப்பங்கரைக்குப் போனார். ஒரு விரலி மஞ்சளை நெருப்பில் காட்டி, புகையப் புகைய எடுத்து வந்து, தூணோரம் உட்கார்ந்து மூக்கில் இழுத்தார். நான் கண்ணால் ஜாடை காட்டினேன். அவர் எனக்குக் கையால் ஜாடை காட்டினார், எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று.

குளிருக்காகக் கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. புகை போவதற்கு வழியில்லை. சித்தப்பாவிடமிருந்து கிளம்பி, ஊர்க்கவுண்டரின் முன்னால் ஒரு சுற்றுச் சுற்றி, நேரே போய்ப் பெரியசாமியின் முகத்தில் நின்றது.

அவர் அப்போதுதான் தட்டில் கை வைத்திருந்தார்.

மூக்கு விடைத்தது. வாய் கோணியது. துண்டைத் தேடினார். அதற்குள் வந்துவிட்டது.

ஒன்று.

"நான் இல்ல" என்றார் சித்தப்பா முதல் ஆளாக.

பெரியசாமி இரண்டாவது ஒன்றை வரவழைக்கப் பார்த்தார். மூக்கை இழுத்தார், விளக்கைப் பார்த்தார், துண்டு முனையைத் திரித்து மூக்கில் விட்டார். வரவில்லை. வேண்டாதபோது ஊருக்கே வாரிக் கொடுத்த மூக்கு, வேண்டியபோது கைவிரித்துவிட்டது.

"இது தும்மலே இல்லீங்க" என்றார். "பொகை. தொண்டைல கரகரன்னு..."

"போன தபா நீங்க சொன்ன ஞாயம்தாங்க" என்றார் ஊர்க்கவுண்டர். "தும்மல்னா தும்மல்தான். ரெண்டாந்தடவையும் தடையாப் போச்சு." தட்டைத் தன் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

குமார் வாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சாவி கையிலிருந்து விழுந்தது, எடுக்கவில்லை. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சித்தப்பாவின் கையில் மஞ்சள் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. எனக்கு அதைப் பிடுங்கி அவர் தலையிலேயே அணைக்க வேண்டும்போல் இருந்தது. செங்கத்துத் தரகர் செல்வியின் பல்லைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு வேறு கண் முன்னால் வந்து தொலைத்தது.

அப்போது உள்ளறைக் கதவோரத்திலிருந்து ஒரு தும்மல் கேட்டது.

எல்லாரும் திரும்பினார்கள். செல்வி நின்றுகொண்டிருந்தாள். "மன்னிச்சுக்கோங்க, பொகை" என்றாள் தலையைக் குனிந்து.

"ரெட்டை" என்றார் பெரியசாமி, மூழ்கப் போனவன் கயிற்றைப் பிடித்த மாதிரி. "ரெட்டைத் தும்மல்ங்க."

அவருடன் வந்திருந்த பங்காளி ஒருவர் விடவில்லை. "ரெட்டைன்னா ஒரே ஆளுக்கு வரணும். இது ரெண்டு மூக்குங்க" என்றார். எங்கே போனாலும் இப்படி ஒருவர் இருப்பார்.

ஊர்க்கவுண்டர் செல்வியைப் பார்த்தார். வாசலில் நின்ற குமாரைப் பார்த்தார். தட்டை மறுபடி நடுவில் வைத்தார்.

"மாப்ள வூட்ல ஒண்ணு, பொண்ணு வூட்ல ஒண்ணு. இதுக்கு மேல இன்னா பொருத்தம் வேணும்? தட்டை மாத்துங்க" என்றார்.

மாற்றினார்கள். பெரியசாமி புறங்கையால் மூக்கைத் துடைத்துவிட்டு, எல்லாருக்கும் வெற்றிலை மடிக்க ஆரம்பித்தார்.

எல்லாருக்கும் வெற்றி

அந்தக் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. தன் விரலி மஞ்சள்தான் அதை முடித்து வைத்தது என்று சித்தப்பா இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். சாமி சம்மதம் கொடுத்த விதத்தைப் பெரியசாமி கண்ணீர் மல்கச் சொல்லுவார். ஒருமுறை வேண்டாம் என்ற சாமி மறுமுறை எப்படி ஒத்துக்கொண்டது என்று கேட்டால், அதுதான் சாமி என்பார். அம்மா கொய்யா மரத்தை வெட்டிவிட்டாள். அடுத்த தை மாதமும் சளி வந்தது. பக்கத்து வீட்டுக் கொய்யா மரத்திலிருந்து.

தட்டு மாற்றிய அன்று, மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் செல்வியைப் பின்பக்கம் புளிக் குவியலருகே பிடித்தேன்.

"உனக்குத்தான் சளியே புடிக்கலையேடி. பொகையும் அந்தப் பக்கம் வரலியே?"

"எல்லாரும் சேந்து மூக்கை வெச்சுக்கினு என் வாழ்க்கையை இஸ்துனு போறாங்க. என் மூக்கு மட்டும் சும்மா இருக்கணுமாக்கா?" என்றாள். சிரித்துவிட்டு, சோப்பை எடுத்துக்கொண்டு கை கழுவப் போனாள்.

அந்த நேரத்தில் என் பார்வை அவள் மேலேயே இருந்ததால், அவள் கதவோரம் நின்ற காட்சி அப்படியே கண்ணில் நின்றது. நிஜத் தும்மல் வருகிறவர்களுக்குக் கை எங்கே, துண்டு எங்கே என்று தேட நேரம் இருக்காது. அவள் பொறுமையாக முகத்தைத் திருப்பி, முழங்கையை மடித்து, மூக்கும் வாயும் மறைய அதற்குள் தும்மினாள். இத்தனை வருடம் மலை மலையாக ஏறி இறங்கி நான் சொல்லிக்கொடுத்ததை, எங்கள் ஊரில் முதன்முதலாக ஒருத்தி முறையாகச் செய்வதைப் பார்த்தேன். அதுவும் பொய்த் தும்மல்.